மூன்றாம் நாள் புட்டு

என் மைத்துனர் மகன் ஜெனித்தை ஊரில் எல்லோரும் 'ஃபுடி' என்கிறார்கள். கல்யாண வீட்டில் அவனுக்கு முதல் பந்தியில் இடம் பிடித்து வைக்கிறார்கள். அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்கிறார்கள். ஈஸ்டர் அன்று எங்கள் பங்குச் சாமியாரே அவன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இதே ஊர் எனக்கு வைத்த பெயர் சாப்பாட்டு ராமன். ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் இருதயநாதன். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் அந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜங்ஷனில் எந்தப் பிளாட்பாரத்து வடை எத்தனை மணிக்குச் சூடாக இருக்கும் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். திருவாமாத்தூர் ரோட்டில் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, அவித்து விற்கும் அம்மா உப்பை எப்போது போடுகிறாள் என்பதுவரை எனக்குத் தெரியும். அதற்கும் சிரிப்பார்கள். "இந்த ஆளு திங்கறதுக்குன்னே பொறந்தவன்யா" என்று என் மேலதிகாரி என் மாமனார் காதுபடவே சொன்னார். அதையே ஜெனித் செய்தால் ரசனையாம், ரிசர்ச்சாம். ஒரே நாக்கு, ஒரே வயிறு. அவன் கையில் கேமரா இருக்கிறது, என் கையில் மஞ்சப்பை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உண்டு. ஆனால் என் வயிறு எரிவது பவுனு அக்காவுக்கு நடந்ததற்காக. அதில் என் தலையும் சேர்ந்து ஆடியது என்பதற்காக.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. என்னைக் கடலூரிலிருந்து புது கலெக்டர் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அந்த அக்டோபரில்தான் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் என் மகள் சகாய பிரியா பிறந்தாள். மூன்றாம் நாள் ஆகியும் என் மனைவி லூர்துசெல்விக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை கத்திக் கத்தி நீலம் பாரித்தது. வார்டு ஆயா சவுரியம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "பின்னாடி சந்துல பவுனு வூட்டுக்குப் போ. தூக்கு எடுத்துக்கினு போ, ஜல்தி" என்றாள்.

பவுனு அக்கா மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் தம்பி சின்னதுரை தினமும் காலை முதல் பஸ்ஸில் கூடையில் பால்சுறா கொண்டு வருவார். ஐந்தாறு மீன்தான் இருக்கும். அதை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் புட்டு செய்வாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் செய்யும் சாப்பாடு அது. போர்டு கிடையாது, பெஞ்சு கிடையாது. ருசிக்கு என்று வந்து கேட்டால் தாசில்தாராக இருந்தாலும் கிடையாது.

யார் போய் நின்றாலும் மூன்று கேள்வி கேட்பாள். எத்தனையாவது நாள்? யாருக்கு? ஆணா, பெண்ணா? பதிலைக் கேட்ட பிறகுதான் வாணலியை அடுப்பில் ஏற்றுவாள். மூன்றாம் நாள் என்றால் மிளகாய் கிடையாது, உப்பு பெயருக்கு, பூண்டை மட்டும் அள்ளிப் போடுவாள். ஏழாம் நாளுக்கு மிளகு ஏறும். பதினைந்துக்கு மேல் உப்பு கொஞ்சம் கூடும். ஒவ்வொருத்திக்கும் அவள் நாளைப் பொறுத்துத் தனித்தனி வாணலி. அதனால்தான் முதல் கேள்விக்குப் பொய்யான பதில் வரக் கூடாது.

தூக்கில் போட்டு, மேலே ஒரு துண்டு வாழையிலை மூடி, அந்த இலையின் மேல் ஒரு அடுப்புக்கரித் துண்டு வைத்துத் தருவாள். மீனோ இறைச்சியோ வீட்டுக்கு வெளியே கொண்டு போனால் கரித்துண்டு வைப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். காத்து கருப்பு அண்டாது, கண் படாது என்பார்கள். "கொண்டு போறவங்க வாயில வெக்கக் கூடாது தம்பி. இது அவளுக்கும் புள்ளைக்கும்" என்று சொல்லித்தான் அன்று கொடுத்தாள்.

நான் வைத்தேன். ஆஸ்பத்திரிச் சுவர் ஓரமாக நின்று, மூடியைத் திறந்து, இலையை விலக்கி, ஒரு சிட்டிகை. அப்புறம் ஒரு கைப்பிடி. உப்பே இல்லை என்று சொல்லக்கூடிய அந்தப் புட்டில் மீனுக்கே உரிய ஒரு இனிப்பு இருந்தது. பூண்டு வெண்ணெயாகக் கரைந்தது. இருபத்தைந்து வருஷம் அந்த ருசி என் நாக்கின் அடியில் உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லூர்துவுக்கு அன்று சாயங்காலமே பால் இறங்கியது. அதனால் பாவம் செய்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு முறை நான் பவுனு அக்காவிடம் கேட்டேன், "யாராவது பொய் சொல்லி வாங்கிக்கினு போனா இன்னாக்கா பண்ணுவீங்க?" என்று. அவள் என்னை ஏதோ அசிங்கத்தைப் பேசியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பொறக்காத புள்ளைய பொறந்துச்சுன்னு எவனாச்சும் சொல்லுவானா? வாய் அழுவிடாது?" என்றாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூனில் சகாய பிரியாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சென்னையிலிருந்து ஜெனித் வந்தான். அவன் யூடியூப் சேனலை லட்சம் பேர் பார்க்கிறார்களாம். சாம்பார் வாளியிலிருந்து வாழையிலை நுனிவரை படம் பிடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீங்கதான் உண்மையான ஃபுடி. உங்களுக்குத் தெரிஞ்சதுல பத்துல ஒரு பங்கு எனக்குத் தெரியாது."

நான் கரைந்துபோனேன். வேறென்ன சொல்ல? ஐம்பத்து மூன்று வயது ஆளை ஒரு பையன் ஒரு வார்த்தையில் வாங்கிவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இனி என்னை அந்த வீடியோவில் பார்க்கட்டும் என்று தோன்றியது. மறுநாள் காலை அவன் காரில் ஏறினேன். ஜங்ஷன் வடை, திருவாமாத்தூர் ரோட்டு மல்லாட்டை, பெருமுக்கல் பக்கத்தில் ஒரு வீட்டுக் கேப்பைக் களி எல்லாம் காட்டினேன். எதையும் அவன் முழுதாகத் தின்னவில்லை. ஒரு வாய் வைப்பான், கண்ணை மூடுவான், தலையை ஆட்டுவான், "வேற லெவல்" என்பான். மீதி இலையில் கிடக்கும். களி போட்ட வீட்டுக்காரி அந்த மீதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

"இதெல்லாம் யாராவது போட்டுடுவாங்க மாமா. யாருக்குமே தெரியாதது ஒண்ணு வேணும்" என்றான்.

நான் பவுனு அக்காவைப் பற்றிச் சொன்னேன். மூன்று கேள்விகளையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "அது நமக்குக் கெடைக்காதுடா" என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். வீட்டுக்கு வந்து, லூர்துவின் அதே பழைய தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானேதான் போனேன்.

பவுனு அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தூக்கைப் பார்த்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "எத்தினியாவது நாளு தம்பி?" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் ஜெனித், "மூணாவது நாள் ஆயா. என் அத்தை பொண்ணு சகாய பிரியாவுக்கு. பொண்ணு பொறந்திருக்கு" என்றான். அவன் சட்டைப்பையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

பவுனு அக்கா என் பக்கம் திரும்பினாள். "உம் பொண்ணுக்கா? நேத்து நீ தூக்கெடுத்துக்கினு வந்து நின்னா மாரி இருக்குது. பொண்ணா பொறந்துச்சு?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று அப்புறம் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலை யாருடையது?

அவள் என் பேத்திக்கு நெட்டி முறித்தாள். இல்லாத பேத்திக்கு. காசு வாங்க மாட்டேன் என்றாள். காருக்குள் உட்கார்ந்து ஜெனித் ஒரு வாய் வைத்தான், முகம் சுருங்கியது.

"உப்பே இல்ல மாமா."

"மூணாம் நாளுக்கு அப்படித்தான்டா இருக்கும். நீ சொன்ன நாளுக்குச் செஞ்சாங்க."

அவன் காதில் வாங்கவில்லை. இலை மேலிருந்த கரித்துண்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இது இன்னாது? ஸ்மோக்கிங் டெக்னிக்கா?"

"டேய், அது கண்ணு படாம இருக்க வெக்கிறது."

"அதைச் சொன்னா எவன் மாமா பாப்பான்?" என்று சொல்லிவிட்டுக் கேமராவைத் திருப்பினான்.

ஒரு வாரத்தில் வீடியோ வந்தது. 'திண்டிவனம் ரகசிய ஆயாவின் கரிப்புகை சுறா புட்டு.' நான் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் காது சூடானது. "ஹைப் அளவுக்கு இல்ல நண்பர்களே. உப்பு இல்ல, காரம் இல்ல. அஞ்சுக்கு ரெண்டரைதான் குடுப்பேன். ஆனா அந்த ஸ்மோக்கி ஃப்ளேவருக்காகக் கண்டிப்பா ஒரு தடவ ட்ரை பண்ணுங்க." பிள்ளை பெற்றவளின் வயிற்றுக்காக உப்பைக் குறைத்தவளுக்கு இவன் மார்க் போடுகிறான்! இலைக்கு மேலே அணைந்து கிடந்த கரியில் புகை ருசியைக் கண்டுபிடித்த நாக்கு அது. அதை லட்சம் பேர் நம்பினார்கள். கடைசியில் கண்ணடித்துக்கொண்டு ஒன்று சொன்னான்: "ஆயா சும்மா குடுக்க மாட்டாங்க. பாஸ்வேர்ட் இருக்கு. மூணாம் நாள், பொண்ணு. மறந்துடாதீங்க." அதற்குப் பிறகு நான் தலையாட்டுவதை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் போட்டு, பின்னணியில் ஒரு மேளச் சத்தமும் சேர்த்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை முதல் சந்துக்குள் கார்கள் வந்தன. சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் ஹைவேயை விட்டு இறங்கி வந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூணாம் நாள் ஆயா, பொண்ணு" என்றார்கள். பவுனு அக்காவிடம் செல்போன் கிடையாது. அவள் எல்லாவற்றையும் நம்பினாள். "இந்த வருசம் ஊருல எத்தினி பொண்ணு பொறக்குது பாரேன். ஆம்பளைங்களே பொறுப்பா வந்து வாங்கிக்கினு போறாங்க" என்று எதிர்வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாளாம். இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயமில்லை.

ஐந்தாறு மீன் எத்தனை பேருக்கு வரும்? பெருமுக்கல்லிலிருந்து பச்சமுத்து என்று ஒரு கொத்தனார். மனைவிக்கு ஆபரேஷன், ஐந்தாம் நாள், பால் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து தூக்கோடு வந்து, மூன்று நாளும் வெறும் தூக்கோடு திரும்பியிருக்கிறான். முன்னால் நின்ற கார்க்காரர்கள் வழித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களிலும் பாதிப் பேர் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பில்லை என்று சந்து முனைச் சாக்கடையில் கொட்டினார்கள். சின்னதுரை அந்தச் சாக்கடையில் அக்காவின் புட்டையும் பக்கத்தில் கரித்துண்டையும் பார்த்திருக்கிறார். கரியை மட்டும் சிலர் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். சென்னையில் ஒரு ஹோட்டல் பீங்கான் தட்டில் கரித்துண்டோடு சுறா புட்டு வைக்க ஆரம்பித்ததாக ஜெனித்தே பெருமையாக எனக்கு அனுப்பினான்.

பச்சமுத்துதான் வார்டில் போய்ச் சவுரியம்மாளிடம் சண்டை போட்டான். அவள் ரிட்டயர் ஆக இன்னும் சில மாதங்களே இருந்தன. அவள் நேராகச் சந்துக்குப் போனாள். "இன்னாடி பவுனு, வார்டுல மொத்தமே ஆறு பேருதான் கெடக்கிறாங்க. நீ நாப்பது பேருக்கு ஆக்கிக்கினு இருக்கிறே?" என்றாள். தன் பேத்தியிடமிருந்து வாங்கி வந்த செல்போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

பவுனு அக்கா முழுதும் பார்த்தாளாம். நான் தலையாட்டும் இடம் வந்ததும், "அத்த இன்னொரு தபா போடு" என்றாளாம். அன்றிலிருந்து அவள் யார் கையிலும் புட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டார் போய்ச் சொன்னால் சரி, அவளே கூடையில் வைத்து வார்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலோரத்தில் நின்று சாப்பிட வைப்பாள். அறுபது வயசில், முட்டிவலியோடு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாய்வார்த்தையை நம்பியே ஆக்கிப் போட்டவளை இந்த நாய்கள் இப்படி ஆக்கிவிட்டார்கள். நாய்கள் என்று பன்மையில்தான் சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

ஜெனித்துக்குப் போன் செய்து கத்தினேன். "அந்த வீடியோவ எடுத்துடு."

"மாமா, நாலு லட்சம் வ்யூஸ். அவங்களுக்கு நான் ரீச் குடுத்திருக்கேன். ரேட்டை ஏத்தி, ரெண்டு ஆள் போட்டு, காரத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."

"புள்ள பெத்தவ திங்கிறதுடா அது!"

"அதுக்குத் தனியா மெனு வெச்சிக்கலாமே. ஏன் மாமா டென்ஷன் ஆவுறீங்க? கமென்ட்ல எல்லாரும் உங்களத்தான் க்யூட்னு போட்டிருக்காங்க."

நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு மாதம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. ஆபீஸில் என்னைச் சாப்பாட்டு ராமன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 'ஃபுடி சார்' என்று கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அதே திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சகாய பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் நாள் பாலில்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தது. டாக்டர் பவுடர் பால் எழுதினார். லூர்து சவுரியம்மாளைப் பவுனு வீட்டுக்கு அனுப்பினாள். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சகாய பிரியான்னு பேரச் சொன்னேன். அந்தப் புள்ளைக்குத்தான் ஜூன் மாசமே குடுத்து அனுப்பிட்டனேங்கிறா. உங்க வூட்டுக்காரரையே வந்து சொல்லச் சொல்றா" என்றாள்.

லூர்து என்னைப் பார்த்தாள். வீடியோ வந்த வாரமே கோயிலில் பெண்கள் அவளிடம் காட்டிவிட்டார்கள். இத்தனை நாளும் அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

"எம் பொண்ணு வயித்துல கெடக்கிறப்பவே பொறந்துட்டதாச் சொல்லித் தின்னீங்களே, நல்லா இருந்துச்சா?" என்றாள். "பிரியா பொறந்தப்பவும் நீங்க தின்னது எனக்குத் தெரியும். கரித்துண்டு எலை மேல இல்ல, அடியில புட்டுக்குள்ள கெடந்துச்சு. பசியில தின்னுட்டாரு போலன்னு நெனச்சி நான் கேக்கல. கேட்டிருக்கணும்." பெட்டுக்கடியிலிருந்து தூக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். "போயி உங்க வாயால சொல்லி வாங்கிக்கினு வாங்க."

சந்து காலியாக இருந்தது. பவுனு அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தினியாவது நாளு?"

"மூணாவது நாள்க்கா."

"யாருக்கு?"

"எம் பொண்ணு சகாய பிரியாவுக்கு."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

ஜெனித் சொன்ன அதே பதில்கள். அவன் சொன்னபோது பொய், இப்போது நிஜம். கேட்பவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். நான் ஜெனித்தைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். "அக்கா, சத்தியமா..." என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். வாணலியை அடுப்பில் ஏற்றினாள்.

பூண்டு வதங்கும் வாசனை வந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. அந்த நேரத்திலும் ஊறியது, என்ன ஜென்மம் நான். புட்டைத் தூக்கில் போட்டாள், இலையை மூடினாள், அடுப்போரத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து மேலே வைத்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் தூக்கைத் தரவில்லை. மேலிருந்த கரித்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ருசியெல்லாம் இதுலதான் இருக்குதாமே. நீ இத்த எடுத்துக்கினு வா. அவளுக்குச் சோத்த நான் எடுத்துக்கினு வர்றேன்."

இன்னொரு கரித்துண்டை எடுத்து இலை மேல் வைத்து மூடியை அழுத்தினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். கரியைக் கீழே போடவும் தோன்றவில்லை. வழியில் இரண்டு பையன்கள் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்கள், ஒருவன் போனைத் தூக்கினான்.

வார்டு வாசலில் லூர்து நின்றிருந்தாள். பவுனு அக்காவிடமிருந்து தூக்கை வாங்கினாள். என் கறுத்த கையை ஒரு முறை பார்த்தாள். மூடியைத் திறந்தாள். கரித்துண்டு இலைக்கு மேலே, நடுவில், வைத்த இடத்திலேயே இருந்தது.

"இருபத்தஞ்சு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான்க்கா முழுசா வந்து சேந்திருக்குது" என்று பவுனு அக்காவிடம் சொன்னாள். இருவரும் உள்ளே போனார்கள்.